செவ்வாய்க்கிழமை நான்கு மணி

வெள்ளப்பாறைப்பட்டி,
மதுரை மேற்கு.
10.2.1978, வெள்ளி

கர்த்தருக்குள் அன்பான தங்கை எமிலிக்கு அக்கா கிருபாவதி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைப்பிங் மழையில் நனையாதே, சொன்னால் கேள்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நம் தைப்பிங் சபையார் மாலை போட்டு அனுப்பும்போது 'மூத்த மிஷனரி தம்பதி' என்று என்ன ஆர்ப்பாட்டம் பண்ணினார்கள். இங்கே எங்களுக்கு மலேயா ஐயா, மலேயா அம்மா என்றுதான் பேர். பதினொரு வருஷம் பூட்டிக் கிடந்த பங்களாவைத் திறந்து கொடுத்தார்கள். பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு போய்விட்டது. வேலைக்கு ஒச்சாயி என்று ஒருத்தி வருகிறாள், நல்லவள், வாயாடி.

உன் அத்தானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அறுபத்தேழு வயதிலும் ஹெட்மாஸ்டர் ஹெட்மாஸ்டர்தான். சிவப்பு மையில் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். ஞாயிறு ஆராதனை, என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். திங்கள் பெண்களுக்குத் தையல். புதன் மருந்துப் பெட்டி: கண்ணுக்குச் சொட்டு, புண்ணுக்கு டிஞ்சர். வியாழன் மதுரைக்குப் பஸ், அங்கே துளசிராம் என்பவர் கடையில் மருந்து வாங்குவோம். வெள்ளி கடிதம். சனி முதியோருக்கு எழுத்து, யாரும் வருவதில்லை. செவ்வாய்தான் அவருக்கு உயிர். மூன்றிலிருந்து ஐந்து வரை வீடு சந்திப்பு. வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், இருதயக்காரர் என்ற நினைப்பே கிடையாது.

வீடுகளில் உட்காரச் சொல்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். ஆனால் யாரும் மறுபடி வாங்க என்று சொல்வதில்லை. "ஒரு வீடாவது நம்மை வாயைத் திறந்து மறுபடி கூப்பிட வேண்டும் கிருபா, அதற்கப்புறம் டிக்கெட் எடுக்கலாம்" என்கிறார். அதுவரை தைப்பிங் திரும்புகிற பேச்சே எடுக்கக் கூடாதாம்.

இந்த வாரம் நிலம் உழுகிற கருத்தக்கண்ணன் என்ற சம்சாரியின் தாயார் இறந்துவிட்டார். போய் ஜெபித்தோம். கிளம்பும்போது இவர் வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் அறிவிப்பு வாசிக்கிற குரலில், "அடுத்த செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு மறுபடி வருவோம்" என்றார். ஒப்பாரி வைத்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மடியில் இருந்த பிள்ளையின் காதைப் பொத்தினாள். வெயில் அதிகம், சீக்கிரம் வந்துவிட்டோம்.

பிள்ளைகளுக்கு முத்தம்.
அக்கா

எமிலி, இவ்வாரம் ஏழு வீடுகள். ஒன்றும் அழைக்கவில்லை, ஒன்றும் துரத்தவுமில்லை. தோத்திரம். சற்குணம்.


தைப்பிங்
24.2.1978

அன்புள்ள அக்காவுக்கு,

எமிலியின் வணக்கம். இங்கே யாவரும் நலம். முழங்காலைப் பற்றி விசாரித்தாயே, அது தன்பாட்டில் வலிக்கிறது, விடு.

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று அத்தானுக்குத் தெரியாதிருக்கலாம், அவர் மிஷன் விடுதியில் வளர்ந்தவர். உனக்குமா தெரியாது? எஸ்டேட் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் செத்தபோது நீ வாசலில் நின்று "வரேன் அத்தை" என்று சொல்லி அம்மாவிடம் அறை வாங்கினாயே. அடுத்த சாவுக்கு வருகிறேன் என்று சொல்வதுபோல ஆகும், எழுந்தால் பேசாமல் நடையைக் கட்டு என்று அம்மா சொல்லவில்லையா? நாம் இப்போது அதையெல்லாம் நம்புவதில்லை, சரி. அவர்கள் நம்புகிறார்களே! ஏன் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை?

அத்தான் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும்.

எமிலி


வெள்ளப்பாறைப்பட்டி
10.3.1978, வெள்ளி

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். சுகமாயிருக்கிறோம். உன் பெரியவனுக்குப் பரீட்சை முடிந்ததா?

கையைப் பிடித்து இழுக்கவில்லைதான். அன்று எனக்கு அம்மாவின் அறை ஞாபகம் வந்தது. வந்தும் பேசாமல் இருந்தேன். நாற்பது பேர் முன்னால் புருஷனைத் திருத்துவதா என்று இருந்துவிட்டேன். உன் கடிதம் வந்ததும் அவரிடம் காட்டினேன். "உயிர்த்தெழுதலை நம்புகிறவன் சாவு வீட்டில்தான் மறுபடி வருவோம் என்று சொல்ல வேண்டும். அங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?" என்றார்.

இன்னொன்று. சொன்னபடி அடுத்த செவ்வாய் அந்த வீட்டுக்குப் போனோம். சரியாக நான்கு மணி. வாசலில் கூட்டம். கருத்தக்கண்ணனின் அண்ணன் காலையில் கிணற்றுப் பக்கம் போனவர் தவறி விழுந்துவிட்டாராம். நாங்கள் நுழையும்போதுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எமிலி, அத்தனை பேரும் பிணத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள். இவர் தொப்பியைக் கழற்றினார், ஜெபித்தார். கிளம்பும்போது மறுபடியும் அதையே சொன்னார்.

அதற்கடுத்த செவ்வாய் அங்கே ஒரு மாடு செத்தது. மனுஷர் யாருக்கும் ஒன்றுமில்லை. படி வழுக்கிய கிணறு, அவ்வளவுதான்.

அக்கா

இவ்வாரம் ஆறு வீடுகள். உன் அக்காவின் கற்பனைக்கு நான் பொறுப்பல்ல. சற்குணம்.


தைப்பிங்
28.3.1978

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன்.

நான் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். அத்தானிடம், எமிலி கேட்டுக்கொண்டாள் என்று சொல். ஜெபம் பண்ணட்டும், வேதம் வாசிக்கட்டும், வாசலில் மட்டும் வாயை மூடிக்கொள்ளட்டும். ஹெட்மாஸ்டருக்கு அது கஷ்டம்தான்.

டிசம்பரில் நீங்கள் இங்கே கிறிஸ்மஸுக்கு இருக்க வேண்டும். உன் அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன்.

எமிலி


வெள்ளப்பாறைப்பட்டி
14.4.1978, வெள்ளி

எமிலிக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

சொன்னேன். கேட்கவில்லை. நல்லகாமன் என்பவரின் சின்ன மகள் காய்ச்சலில் போனாள். போனோம், சொன்னார். எட்டு நாளில் நல்லகாமனின் தம்பி போய்விட்டார். வாந்தி பேதி. இந்தக் கோடையில் மூன்று ஊரில் வாந்தி பேதி என்று துளசிராமே சொன்னார், அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் இப்போது செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கிறது தெரியுமா? மூன்று மணிக்கு நாங்கள் தெருவில் இறங்கினால் ஒரு ஆள் இல்லை. கோழியைக்கூட உள்ளே அடைத்துவிடுகிறார்கள். கதவெல்லாம் சாத்தி, வாசற்படியில் உலக்கையைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, பிள்ளைகள் இருமினால் யாரோ வாயைப் பொத்துகிறார்கள்.

உன் அத்தான் திரும்பி வந்தாரா? ஒவ்வொரு கதவையும் தட்டினார், கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் நின்றார், பிறகு அந்தச் சாத்திய கதவைப் பார்த்து, "அடுத்த செவ்வாய்க்கிழமை வருவோம்" என்றார். அடுத்த கதவு. அடுத்த கதவு. எட்டு வீட்டுக்கும் சொன்னார். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

ஒச்சாயி மறுநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "ஐயா நல்ல மனுசந்தாம்மா. அவருக்கே தெரியாம அவரு வாயில எதுவோ ஒக்காந்திருக்கு." அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா

எட்டுக் கதவுகள். பொறுமை வேண்டும். சற்குணம்.


தைப்பிங்
27.5.1978

அன்புள்ள அக்கா,

ஐந்து வெள்ளிக்கிழமை போய்விட்டது, உன் கடிதம் இல்லை. தபால்காரனைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பாக இருக்கிறது. சுகமா? அத்தான் சுகமா? இரண்டு வரி போதும்.

சபைக் காரியதரிசியிடம் பேசிவிட்டேன். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வந்துவிடுங்கள். ஒரு வீடு கூப்பிடவில்லை என்றால் என்ன? எங்கள் வீடு கூப்பிடுகிறதே.

எமிலி


வெள்ளப்பாறைப்பட்டி
9.6.1978, வெள்ளி

என் அன்புத் தங்கைக்கு,

மன்னித்துக்கொள், எழுத நேரமே இல்லை. இருவரும் நல்ல சுகம். சந்தோஷ சமாச்சாரம் எழுதுகிறேன், கேள்.

எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்!

விருமாண்டி என்று ஊரில் பெரிய தலைக்கட்டு. அவரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு பங்களாவுக்கு வந்தார். அவர் தகப்பனார் பேயாண்டித் தாத்தா மூன்று வருஷமாகப் படுக்கை. "செவ்வாக்கெழம ஐயாவும் அம்மாவும் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகணும்" என்றார். உன் அத்தான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! கல்யாணத்தன்று அப்படிச் சிரித்தது.

போனோம். உலக்கை இல்லை, வாசலில் கோலம். வீட்டில் அம்புட்டுப் பேரும், பார், எனக்கே இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது, அத்தனை பேரும் கூடி உட்கார்ந்திருந்தார்கள். இவர் அரை மணி நேரம் பேசினார். யாரும் அசையவில்லை. தாத்தா இவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது எல்லோரும் எங்கள் கூடவே எழுந்து வாசல் வரை வந்தார்கள். இவர் வழக்கம்போல அடுத்த செவ்வாய் வருவோம் என்றார். உள்ளே கட்டிலிலிருந்து தாத்தா, "சரி சாமி" என்றார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லாதவராம்.

எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நான்கு வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வந்துவிட்டது.

இனி டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டேன். இப்போதுதானே கதவு திறந்திருக்கிறது என்கிறார்.

அக்கா

எமிலி, ஐந்து வீடுகள் அழைத்தன. ஐந்து! நாக்கு மாத்திரை தேவைப்படவேயில்லை. சற்குணம்.


தைப்பிங்
24.6.1978

அன்புள்ள அக்கா,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். எனக்கு உன்னைத் தெரியும், நீ சந்தோஷமாக எழுதினால் ஆச்சரியக்குறி போட மாட்டாய். இந்தக் கடிதத்தில் இரண்டு போட்டிருக்கிறாய்.

நீ எழுதாததைக் கேட்கிறேன். அந்தத் தாத்தா என்ன ஆனார்? கூப்பிடுகிற மற்ற வீடுகள் எப்படிப்பட்ட வீடுகள்?

எமிலி


வெள்ளப்பாறைப்பட்டி
21.7.1978, வெள்ளி

எமிலி,

உடம்புக்குச் சுகம்தான்.

பேயாண்டித் தாத்தா நாங்கள் போன செவ்வாய்க்கு அடுத்த ஞாயிறு இறந்துவிட்டார். கூப்பிட்ட மற்ற வீடுகளும் அப்படித்தான். பக்கவாதம் ஒன்று. வயிற்றில் கட்டி ஒன்று. கண் தெரியாத, எழுந்திருக்க முடியாத முனியாயி ஒருத்தி, வலியில் மாடு மாதிரிக் கத்துவாள். இன்னொருவர் எதையும் விழுங்க முடியாதவர். யாரும் அடுத்த செவ்வாயைப் பார்க்கவில்லை.

அவர் பிரசங்கத்தை ஒருவரும் கேட்கவில்லை, எமிலி. வாசலில் நின்று அந்த வார்த்தையை எப்போது சொல்வார் என்று காத்திருந்தார்கள். சொன்னதும் அவர்கள் தோள் எல்லாம் தளர்ந்து இறங்கும், நான் பார்த்திருக்கிறேன். உன் அத்தான் மட்டும் அதைப் பார்க்கவில்லை. ஜெபத்தோடு நல்ல மரணம் என்று எழுதி வைத்துக்கொண்டார்.

எனக்கு இரண்டாவது வீட்டிலேயே தெரிந்துபோனது. தெரிந்தும் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அவர் சந்தோஷமாக இருந்தார், அதனால் போனேன். என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

போன வாரம் மாயக்காள் வந்தாள், கையில் அதே தாம்பாளம். அவள் மகன் மிலிட்டரியில். மருமகள் இருளாயிக்கு இருபது வயது, இருமினால் ரத்தம். மாயக்காள் அழுதுகொண்டேதான் சொன்னாள்: "மூணு வயசுப் பிள்ள அவ மேலயே கெடக்கும்மா, பிரிச்சா கத்துது. அந்தப் பிள்ளையாச்சும் எனக்கு மிஞ்சணும்." இவர் என்ன ஏதென்று கேட்காமல் அட்டவணையில் குறித்துக்கொண்டார்.

செவ்வாயன்று நான் இவருக்கு முன்னால், இரண்டு மணிக்கே தனியாகப் போனேன். இருளாயி குளித்து, தலை வாரி, வெளுத்த சேலை கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஐயா நாலு மணிக்குத்தானம்மா வருவாரு? இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குல்ல?" என்று கேட்டாள். அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள், எமிலி. அவளும் சரி என்றிருக்கிறாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. எழுந்திரு, பஸ்ஸுக்குப் போகலாம் என்றேன். மாயக்காள் மறித்தாள். "நான் இந்தப் படியைத் தாண்டினால் இவளோடுதான் தாண்டுவேன். இல்லையென்றால் எனக்கும் இங்கேயே உலை வை" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் மாயக்காளே ஒரு பையில் துணி எடுத்துக் கொடுத்தாள். மூன்று மணி பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போனேன். துளசிராம் தெரிந்தவர்களைப் பிடித்து ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தார். ஊசி போட்டால் பிழைப்பாள் என்கிறார்கள்.

நான் புதன் மத்தியானம்தான் திரும்பினேன். நான்கு மணிக்குப் போய்க் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்த மனுஷர் கோபத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன அவமானம், கூப்பிட்ட வீட்டில் ஆள் இல்லாமல் பண்ணிவிட்டாயே என்று கத்தினார். நானும் கத்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எதற்காகக் கூப்பிட்டார்கள், ஏன் வாசல்வரை வந்தார்கள், எல்லாம்.

வியாழக்கிழமை காலையில் பார்த்தால் சுவரில் அட்டவணை இல்லை.

அக்கா


வெள்ளப்பாறைப்பட்டி
4.8.1978

அன்புள்ள எமிலி,

நலம். உன் குடும்பத்தைக் கர்த்தர் காப்பாராக. உன் அக்காவின் கடிதத்தடியில் இரண்டு வரி எழுதுகிறவன் இன்று முழுத்தாள் எடுத்திருக்கிறேன்.

உன் அக்கா சொன்னதை நான் ஏற்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவன், விசாரிக்காமல் எதையும் ஏற்பதில்லை. விருமாண்டியை வரவழைத்துக் கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாங்கய்யா. எங்கய்யா மூணு வருசம் முதுகுப் புண்ணோட கெடந்தாரு. கும்பிடாத சாமியில்ல. ஒங்க வாய் வார்த்தையிலதான் போய்ச் சேந்தாரு. ஒங்கள எங்க ஊரு மறக்காது" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. என் உத்தியோக காலத்தில் ஒரு பெற்றோரும் எனக்கு இப்படி மனமார நன்றி சொன்னதில்லை.

இது மூடநம்பிக்கை, தற்செயல், கோடை நோய் என்று வெகுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சரிங்கய்யா என்று எழுந்தார். எப்போதும் "வாரேங்கய்யா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். வராந்தாவில் நின்று பார்த்தேன். திரும்பிப் பார்க்கவுமில்லை.

அதன் பிறகு பால்காரரும் அப்படியே போகிறார். தையலுக்கு வருகிற பெண்களும்.

இதை உன் அக்காவிடம் சொல்லவில்லை. நீயும் எழுத வேண்டாம். நான் நம்பவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

சற்குணம்


தைப்பிங்
12.8.1978

அன்புள்ள அத்தானுக்கு,

எமிலி வணக்கத்துடன் எழுதுவது. சுகமாயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

விருமாண்டி ஏதோ யோசனையில் சொல்லிக்கொள்ள மறந்திருப்பார். இரண்டு மணி நேரம் நீங்கள் விளக்கினால் யாருக்கும் பேச்சு நின்றுவிடும், நானே உங்கள் வகுப்பில் உட்கார்ந்தவள்தானே. அந்தப் பெண் இருளாயி பிழைத்துக்கொண்டாள் அல்லவா, அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? அது உங்கள் மருந்துப் பெட்டிக்குக் கிடைத்த வெற்றி.

டிசம்பர் வரை வேண்டாம். செப்டம்பரிலேயே வந்துவிடுங்கள். நான் சென்னைக்கே வந்து இருவரையும் கூட்டிப்போகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அத்தான்.

எமிலி


வெள்ளப்பாறைப்பட்டி
22.8.1978, செவ்வாய்

என் கண்ணான எமிலிக்கு,

நீ சுகமாக இரு. என் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்காதே.

என் தந்தி உனக்குக் கிடைத்து, உடனே புறப்படு என்று நீ அடித்த தந்தியும் வந்துவிட்டது. அத்தானுக்கு நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. பிரித்துப் படித்தேன். விருமாண்டி சொல்லிக்கொள்ளாமல் போனது அதில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரம் அவர் அதை மனசில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னேன். எது அவரைக் கொன்றது என்று யோசித்தால் என் வாய்தான் என்று வருகிறது. அழுது பார்த்துவிட்டேன், அது போகவில்லை.

வியாழன் காலை. இருளாயியைப் பார்க்க என்னோடு மதுரைக்கு வருவதாகச் சொல்லிச் சவரம் பண்ண உட்கார்ந்தார். அவளைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றார். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாதி முகத்தில் சோப்போடு சாய்ந்துவிட்டார். மாத்திரை சட்டைப் பையில் இருந்தது, சட்டை கொடியில் இருந்தது.

குழி வெட்டியது விருமாண்டியும் ஊர் ஆட்களும். ஆராதனை நடக்கிற கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறோம். மதுரையிலிருந்து பாதிரியார் வந்தார். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்து, ஊர் முழுக்கப் பங்களா வாசலில் உட்கார்ந்திருந்தது. அறுபது எழுபது பேர் இருக்கும். நான் தலை குனிந்திருந்தேன். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள், அதுதானே முறை என்று இருந்தேன்.

விருமாண்டி எழுந்தார். என் முன்னால் வந்து நின்று, இவர் சொல்கிற மாதிரியே, அதே நிதானத்தில் சொன்னார்: "அம்மா, அடுத்த செவ்வாக்கெழம நாலு மணிக்கு மறுபடி வாரோம்."

பிறகு கருத்தக்கண்ணன். நல்லகாமன். மாயக்காள், இடுப்பில் அந்தப் பிள்ளையோடு. ஒவ்வொருவராக என் எதிரில் வந்து நின்று, சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் தாழ்ந்த குரலில், ஆண்கள் உரக்க. ஒருவர்கூட வரிசையைக் கலைக்கவில்லை. நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். ஐயா சொல்லிக் கொடுத்த முறைப்படி ஐயா வீட்டில் நடந்துகொள்கிறார்களா, அல்லது ஒற்றையாக நிற்கிற கிழவிக்கும் பேயாண்டித் தாத்தாவுக்குச் செய்த அதே நல்லதைச் செய்கிறார்களா? இரண்டிலும் ஒரே அன்புதான் தெரிகிறது, எமிலி. அதுதான் எனக்குக் குலை நடுங்குகிறது.

ஒச்சாயி ஒருத்திதான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக எழுந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாள். நேற்று வந்து என் பெட்டியை அவளே எடுத்துத் துணியெல்லாம் மடித்து வைத்தாள். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள போயிருங்கம்மா, நான் பஸ் ஏத்தி விடுறேன்" என்று காலைப் பிடித்தாள்.

நான் போகவில்லை. உன்னிடம் திட்டு வாங்கத் தயார். பெட்டி கட்டியபடி கிடக்கிறது.

எமிலி, ஒரு வீடாவது மறுபடி வாங்க என்று கூப்பிடாதா என்று அந்த மனுஷர் ஏங்கினார். இப்போது ஊரே, மறுபடி வருகிறோம் என்று எங்கள் வீட்டு வாசலில் சொல்லியிருக்கிறது. அவர்கள் வரும்போது கதவு சாத்தியிருந்தால்? சாத்திய கதவுக்கு முன்னால் இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பின்னால் நின்று எட்டு வீட்டில் பார்த்தவள். அதை இன்னொருவருக்குச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இருளாயிக்கு எடை கூடியிருக்கிறதாம், துளசிராம் சொல்லியனுப்பினார். எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு ஊசி நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சபைக்கு நீ எழுது. மறக்காதே.

ஒச்சாயி இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் பின்வாசலில் நிற்கிறாள். நான்கு மணிக்கு முன்னால் அவள் போய்விட வேண்டுமாம், அவசரப்படுத்துகிறாள்.

இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. தெருவில் நிறையப் பேர் வருகிற சத்தம் கேட்கிறது, யாரும் பேசிக்கொள்ளவில்லை, செருப்புச் சத்தம் மட்டும்தான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முன்கதவு இரண்டையும் அகலத் திறந்துதான் வைத்திருக்கிறேன். தேயிலைக்குத் தண்ணீர் கொதிக்கிறது. எழுபது பேருக்கு டம்ளர் போதாது, பத்துப் பத்துப் பேராகக் கொடுத்துக்கொள்கிறேன்.

உன் அன்பு அக்கா,
கிருபாவதி சற்குணம்